குட்டியானைக்குப் பின்னால் ஒரு பைலட்

என் வீட்டுக்காரர் கோபிநாத்துக்கு ஆபீசில் ஒரு கோப்பை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்த மூன்று மாதம் ஆகும். அதே மனிதர் வீட்டுக்கு வந்தால், ஊசி போடும் சிரிஞ்சில் வெள்ளைப் பசையை நிரப்பிக்கொண்டு, ஒரு பொம்மை ஹெலிகாப்டரின் உடம்பு முழுக்கக் கடுகளவு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார். நிஜ ஹெலிகாப்டரில் தகடுகளைச் சேர்த்து அடித்திருக்கும் ஆணிகளின் தலை அப்படித்தான் தெரியுமாம். ஒரு புள்ளி கோணலாகிவிட்டால் வரிசையையே துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அரசாங்கம் இவரைத் தப்பான இலாகாவில் போட்டுவிட்டது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பொம்மை என்று சொன்னாலே அவருக்குக் கோபம் வரும். "ஸ்கேல் மாடல்னு சொல்லு துர்கா" என்பார். சரி, ஸ்கேல் மாடல். நம் ராணுவத்தில் பறக்கிற சேத்தக் ஹெலிகாப்டரை அப்படியே சுருக்கி, ஆறு வயசுப் பிள்ளை படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குச் செய்தது. முன்னால் கண்ணாடிக் குமிழ், அதற்குள் இரண்டு பைலட்டுகள், ஒருவருக்கு மீசை. அந்த மீசையை வரைவதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அன்றைக்கு வீட்டில் கேஸ் தீர்ந்ததைச் சொல்லப் போனேன். மூச்சு விடாதே, மீசை கலைந்துவிடும் என்றார்.

அடுத்த தெரு முருகையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சாயங்காலம் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "சேத்தக் கீத்தக்னு சொல்லாத கோபி. அது அலூவெத். எங்க ஆளுங்க டிசைனு" என்று திருத்திவிட்டுப் போவார். எங்க ஆளுங்க என்று அவர் சொல்வது பிரெஞ்சுக்காரர்களை. இவருக்கு அது பெரிய பாராட்டாகத் தெரியும். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோர்க்குழம்பு வைத்தாலும் பாயசம் மாதிரி சாப்பிடுவார்.

இத்தனை திறமைக்கும் ஒரே ஒரு சின்னக் குறைதான். அவருக்கு ஹெலிகாப்டர் ஓட்ட வராது.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இரண்டு கட்டைவிரலாலும் அவற்றை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி பதறினால் போயிற்று. இவர் பதறுவதற்கென்றே பிறந்தவர். பழகிக்கொள்வதற்காகக் கம்ப்யூட்டரில் ஒரு சிமுலேட்டர் வாங்கிப் போட்டார். திரையில் ஹெலிகாப்டர் பறக்கும், கையில் நிஜ ரிமோட், விழுந்தாலும் நஷ்டமில்லை. தினமும் ராத்திரி பத்துப் பதினைந்து ஹெலிகாப்டர்களைத் திரையில் நொறுக்கிவிட்டு, "இதுல காத்து சரியா வைக்கலை" என்று எழுந்துவிடுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்தி அலுத்துப்போன ஒரு சாயங்காலம் சும்மா அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து விடவே முடியவில்லை. ஹெலிகாப்டரின் மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பி நின்றால் எல்லாம் தலைகீழாகிவிடும், இடது வலதாகும், வலது இடதாகும். பெரிய பெரிய ஆட்களே அதில்தான் தடுமாறுவார்களாம். எனக்கு அது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எதிரில் நிற்கிறவர் ஆமாம் என்றால் இல்லை என்று புரிந்துகொள்ளும் பயிற்சி கல்யாணம் ஆனதிலிருந்தே எனக்கு இருக்கிறது.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் மனை பிரித்துக் கல் நட்டு, விற்காமல் கிடக்கிற ஒரு வெளி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய், முதலில் பழகுகிற சின்ன ஹெலிகாப்டரை ஓட்டினேன். சேத்தக் தயாரானதும் அதையும் முதன்முதலில் தூக்கியது நான்தான். சக்கரம் தரையை விட்டு விலகிய அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குள் அவர் பெயர் ஹெலிகாப்டர் கோபி. அவர் எடுத்துப் போடுகிற வீடியோவில் சேத்தக் பறக்கும், பின்னால் அவர் குரல் விளக்கம் சொல்லும், என் சுண்டுவிரல்கூட அதில் வராது. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் டீச்சர் என்பதால் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இவ்வளவு சத்தத்தில் எப்படிம்மா பேப்பர் திருத்துறீங்க?

இப்படி இருக்கும்போது பிள்ளைச்சாவடியிலிருந்து சுப்பராயன் வந்தார். விசைப்படகு வைத்திருக்கிறவர், அந்த ஊர் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. போன வருஷம் பக்கத்துக் குப்பத்தில் கும்பாபிஷேகத்துக்கு நிஜ ஹெலிகாப்டரே வரவழைத்துக் கோபுரத்தின் மேல் பூ தூவிவிட்டார்கள். அதிலிருந்து இவர்கள் ஊர்ப் பெண்களால் மீன் விற்கிற இடத்தில் தலை நிமிர முடியவில்லையாம்.

"நிஜம் நமக்குக் கட்டுப்படி ஆவாது சார். உங்களுது பறந்து நாலு பூ போட்டா போதும். மானம் தப்பிச்சிடும்."

"பண்ணிடலாம்ங்க" என்றார் இவர், கொஞ்சமும் யோசிக்காமல்.

"சார்தான ஓட்டுவீங்க?"

காபி கொண்டுவந்த நான் அப்படியே நின்றேன். இவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நானே சொன்னேன். "நான்தாங்க ஓட்டுவேன்."

சுப்பராயன் வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர் தமாஷா பேசறாங்க. நம்ம ஊர்ல கேட்டா அவ்ளோதான். கோவுரத்துக்கு மேல பொம்பள வுடற வண்டியா? ஒத்துக்க மாட்டாங்கம்மா."

"உள்ள இருக்கற ஆத்தா யாருங்க, பொம்பள இல்லியா?"

"ஆத்தா ஆத்தாதான் டீச்சர்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாதம் அத்துடன் முடிந்தது.

அவர் போனதும் இவர் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். திட்டம் தயாராக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் இவர் பழைய ரிமோட்டை வைத்துக்கொண்டு நிற்பார். நான் மறைவில் நின்று நிஜ ரிமோட்டில் ஓட்டுவேன். சினிமாவில் ஒருத்தி பாட, ஒருத்தி வாயசைப்பதில்லையா?

"நோகாம நுங்கு தின்னலாம்னு பாக்கறீங்க."

"ஊர் விஷயம் துர்கா. கொஞ்சம் அனுசரிச்சிப் போயேன்."

நான் ஒத்துக்கொண்டேன். ஊருக்காகவும் இல்லை, இவருக்காகவும் இல்லை. ஒரு தடவையாவது, விலைபோகாத மனைக் கற்களுக்கு மேலே இல்லாமல், கடலுக்கு எதிரே, ஒரு கோபுரத்துக்கு மேலே அதைப் பறக்கவிட எனக்கு ஆசை. அந்த ஆசைக்கு முன்னால் ரோஷமெல்லாம் பிற்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஹெலிகாப்டர் பத்திரமாக இறங்கியதும், ஓட்டியது என் மனைவி என்று இவர் மைக்கில் சொல்ல வேண்டும். பூ விழுந்த பிறகு யார் ஒத்துக்கொண்டால் என்ன, ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன?

"சத்தியமா சொல்லிடறேன்" என்று என் தலையில் கை வைத்தார். நானும் நம்பினேன்.

இவருடைய ஏற்பாட்டில் மட்டும் குறை சொல்ல முடியாது. பெரிய மார்க்கெட்டில் ரோஜாவும் சாமந்தியும் வாங்கி, இதழ் இதழாக உதிர்த்து, நிழலில் காயவைத்து, சமையலறைத் தராசில் நிறுத்தார். ஹெலிகாப்டரின் வயிற்றில் ஒரு பெட்டி. ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் அதன் அடிக்கதவு திறந்து பூ கொட்டும். ஒரு கைப்பிடி பூ அதிகமானாலும் வண்டி மூச்சு வாங்கும் என்று தராசையே முறைத்துக்கொண்டிருந்தார். பழைய ரிமோட்டை ஆன் செய்து சும்மா வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் கீச் கீச்சென்று கத்தும். அதனால் அதிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டோம். போலீஸ் அனுமதியைச் சுப்பராயன் பார்த்துக்கொண்டார். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் கேட்டதெல்லாம் கயிறு. சுழலும் இறக்கை பட்டால் தலையே போய்விடும், கோபுரத்துக்கு முன்னால் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது, குருக்கள் எல்லாரும் சாரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தூக்குவோம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கமிட்டி கேட்டுக்கொண்டது. நான் சொன்னபோது கேட்காததுபோல் இருந்தவர்கள், அதையே இவர் சொன்னதும் ஓடிப்போய்க் கயிறு கட்டினார்கள்.

கும்பாபிஷேகத்தன்று சேத்தக்கை மணலில் இறக்கியதும் அதற்குப் பூஜை ஆரம்பமாகிவிட்டது. புது வண்டிக்கு வைப்பதுபோல் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இறக்கையில் சந்தனம் வைக்கப் போன கையை இவர் பாய்ந்து பிடித்தார். ஒரு பக்க இறக்கை ஒரு பொட்டு கனத்தாலும் வண்டி உதறும் என்று கெஞ்சி, சந்தனத்தைக் கண்ணாடிக் குமிழில் வைக்கச் செய்தார். மீசை பைலட் குங்குமத்துக்குப் பின்னால் மறைந்துபோனார். அதுவரை எல்லாம் சரி.

பிறகு பூப்பெட்டியைச் சன்னிதியில் வைத்து எடுக்க வேண்டும் என்றார்கள். நியாயம்தானே? சாமிக்குத் தூவுகிற பூ. பெட்டி உள்ளே போயிற்று.

சுப்பராயனின் மனைவி பச்சையம்மாளும் மற்ற பெண்களும் அதை என்ன செய்தார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பூ வாடியிருக்கிறதே என்று மஞ்சள் தண்ணீரை நன்றாகத் தெளித்தார்கள். பூ என்றால் தண்ணீர் தெளிக்காமல் யார் வைப்பார்கள்? அதன் பிறகு, ஊர்ப் பூவும் சேர வேண்டாமா என்று வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு பிடி போட்டு அமுக்கி மூடினார்கள். பெட்டி திரும்பி வந்தபோது கனமாக இருப்பது இவருக்குத் தெரிந்தது. ஆனால் சன்னிதியிலிருந்து வந்த பெட்டியைத் தராசில் வைத்து நிறுப்பது எப்படி? திறந்து நாலு பிடி எடுத்துக் கீழே கொட்டுவதுதான் எப்படி? அபச்சாரம் என்று அப்படியே மாட்டிவிட்டாராம். சந்தனப் பொட்டுக்குச் சண்டை போட்ட மனிதர்.

நான் ஐஸ் கொண்டுவந்த ஒரு குட்டியானை வண்டிக்குப் பின்னால், மீன் பெட்டிகளோடு ஒரு பெட்டியாக நின்றிருந்தேன். கோபுரமும் வானமும் தெரிந்தன. கூட்டத்துக்கு நான் தெரியவில்லை. குருக்கள் கலசத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினார்கள். நாயனமும் தவிலும் உச்சத்துக்குப் போயின. கயிற்றுக்கு இந்தப்பக்கம் இவர் செத்த ரிமோட்டோடு காலை அகட்டி நின்றார். நான் தூக்கினேன்.

தூக்கியதுமே தெரிந்துவிட்டது. தினமும் நாம் எடுக்கிற குடம் திடீரென்று இரண்டு குடமாகக் கனத்தால் இடுப்புக்குத் தெரியாதா? இருந்தாலும் ஏறியது. முக்கிக்கொண்டே கோபுரத்துக்கு மேலே போய் நின்றது. கும்பாபிஷேகம் என்றால் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும். எங்கள் சத்தத்தில் கருடன் மரக்காணம் வரைக்கும் ஓடியிருக்கும். ஆனால் யாரோ "கருடன்!" என்று கத்த, எல்லாக் கைகளும் சேத்தக்கை நோக்கிக் குவிந்தன. இவர் முன்னால் நின்று வலது பக்கம் சாய்ந்தார், இடது பக்கம் சாய்ந்தார், வெறும் குச்சிகளை அப்படி ஆட்டினார். பாட்டுக்கு வாயசைக்கச் சொன்னால் இவர் டான்ஸே ஆடினார்.

பொத்தானைத் தட்டினேன். கதவு திறந்தது. ஒரு இதழ்கூட விழவில்லை. ஈரப்பூ பெட்டிக்குள் கொழுக்கட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று ஒரு தள்ளு தள்ளியது. கனத்தில் இருந்த வண்டி அப்படியே சறுக்கி, கோபுரத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பெரிய பேனருக்குப் பின்னால் போய்விட்டது. எனக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, வண்டி தெரியவில்லை. மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஓட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுவதுதான். பேனருக்கு அந்தப்பக்கம் கயிறும் கிடையாது. அங்கே ஜனம் இருந்தது. மறைவிலேயே நின்றால் இவர் மானம் மிஞ்சும், யார் தலை மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

வெளியே வந்தேன். ரிமோட்டை வயிற்றோடு பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால், இவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். இவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். பேனரின் ஓரத்தில் வால் தெரிந்தது. மெல்ல மெல்ல இழுத்துக் கோபுரத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். பிறகு முறத்தில் அரிசி புடைப்பதுபோல் முன்னும் பின்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். மொத்தப் பூவும் ஒரே உருண்டையாகப் பொத்தென்று கோபுரத்தின் வலது பக்கப் பொம்மை மேல் விழுந்து சிதறியது.

"வலப்பக்கம் வுழுந்துடுச்சி! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" என்று கூட்டம் குலவையிட்டது.

பாரம் போனதும் வண்டி இலேசாகிவிட்டது. மணலில் அலுங்காமல் இறக்கினேன். இறக்கை நின்ற பிறகுதான் மூச்சே விட்டேன். கடலுக்கு எதிரே, கோபுரத்துக்கு மேலே, நான் ஓட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷம் சுப்பராயன் மைக்கைப் பிடிக்கும் வரைக்கும் இருந்தது.

"பக்த கோடிகளே, யாரும் பயப்பட வேணாம். டீச்சர் ஆசைப்பட்டு இன்னொரு ரிமோட்ட எடுத்துகினு குறுக்க வந்துட்டாங்க. அதான் வண்டி ஆடிப்போச்சி. நம்ம கோபிநாத் சார் எப்படியோ சமாளிச்சி எறக்கிட்டாரு!"

இவர் கழுத்தில் மாலை விழுந்தது. மைக்கும் இவர் கைக்கு வந்தது. நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்த வாய் திறந்தது.

"எல்லாம் ஆத்தா அருள்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. நேராகப் போய் இவர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டினேன். "பாருங்க! இதுல பேட்டரியே இல்ல!"

தவில்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். காலியான பள்ளமும் இரண்டு ஒயரும்தான் இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியாயிற்று, இனிமேல் மரமண்டைக்கும் புரியும்.

பச்சையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அடியாத்தே! பேட்டரியே இல்லாம ஓட்டியிருக்காருடி!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் என்னவென்று சொல்ல? இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. சுப்பராயன் மணலில் விழுந்து கும்பிட்டார். இவருக்கு இரண்டாவது மாலை. அந்த ரிமோட்டை என் கையிலிருந்து பயபக்தியோடு வாங்கி, குங்குமம் வைத்து, அம்மன் காலடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திருப்பிக் கேட்க இவருக்கும் தைரியம் வரவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பினோம். இவர்தான் சிக்னலுக்குச் சிக்னல் பேசினார். அவ்வளவு கூட்டத்தில் எப்படிச் சொல்வது, அருள் வந்தவர்களிடம் என்ன பேசுவது, சுப்பராயன் முகம் என்ன ஆவது. "மைக்கு உங்க கையிலதான் இருந்துச்சி" என்று மட்டும் சொன்னேன். ஊர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. ஊருக்கு என்ன தெரியும்? தெரிந்த ஒரே மனிதர் எல்லாம் ஆத்தா அருள் என்றதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அதன் பிறகு நான் ரிமோட்டைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாக சேத்தக்கை மனைவெளிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். தூக்கவே இல்லை என்பது அதன் சக்கரத்தில் ஒரு பொட்டு மண்கூட இல்லாததைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரு சாயங்காலம் நான் காலாண்டுத் தேர்வுப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். இவர் எதிரே உட்கார்ந்து எதற்கோ பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. கையெல்லாம் பெயிண்ட் என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். தெய்வசிகாமணி என்று ஒருவர், வேறொரு குப்பத்துக் கோயில் கமிட்டி.

"சார், எங்க கும்பாபிஷேகத்துக்கும் நீங்கதான் வரணும். பேட்டரியே இல்லாம ஓட்டினீங்களாமே! ஊரே அதப் பத்திதான் பேசுது."

நான் தலையைத் தூக்கவில்லை. பின்னத்தைக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளைக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அந்த மனிதர் "அலோ, அலோ" என்றார்.

"ஓட்டினது நான் இல்லீங்க" என்றார் இவர். "என் சம்சாரம். துர்கா."

"தமாஷ் பண்ணாதீங்க சார்."

"தமாஷ் இல்லீங்க. எனக்கு ஓட்டவே வராது. செய்யறதோட சரி. அன்னிக்கி அவங்க வெளிய வரலன்னா யாராச்சும் செத்திருப்பாங்க. நான் சும்மா நின்னுகிட்டு ஆடினேன்."

அந்தப்பக்கம் யாரோடோ குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தெய்வசிகாமணி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். லேடீஸ் ஓட்டறதுன்னா கஷ்டம். எங்களுது அம்மன் கோயிலு."

"அப்ப நாங்க வரலீங்க" என்று இவர் முழங்கையாலேயே போனைத் துண்டித்தார்.

என் கையில் சிவப்புப் பேனா அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. துடைத்த பிரஷ்ஷையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அதைக் காட்டிக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

"இத மைக்குல சொல்லியிருக்கணும்" என்றேன்.

"தெரியும்" என்றார்.